நான் வெட்டி எறிந்த சத்தங்கள்

மேடையில் பேசும் குரலும் மைக்கின் முன் கதை வாசிக்கும் குரலும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கல்லூரிக் காலத்தில் நான் ஏறிய மேடைகளில் பரிசில்லாமல் இறங்கியவை மிகக் குறைவு. கடைசி வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருப்பவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் குரல் என்று அறிவிப்பாளர்கள் என்னை அறிமுகம் செய்வார்கள். நான் அடக்கமாகப் புன்னகைப்பேன். அந்த அடக்கத்தையும் பயிற்சி செய்தே பெற்றிருந்தேன்.

என் முதல் ஒலிப்பதிவைக் கேட்ட சென்னைத் தயாரிப்பாளர் ஒரே வரியில் பதில் எழுதினார்: "அம்மா, கேட்பவரின் காது உங்களிடமிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறது, கூப்பிடாதீர்கள், சொல்லுங்கள்." அந்த வரி சுட்டது. ஆறு மாதத்தில் குரலைக் குறைக்கக் கற்றேன். வீட்டிலிருந்தே குரல் கொடுப்பவர்களில் என்னைப் போல் ஒழுங்காக வேலை செய்பவர் இந்த மாவட்டத்தில் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒரு முறையையும் வகுத்துக்கொண்டேன். அந்த முறையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்குள் ஒரு பெண்ணின் எலும்பு முறியும் ஓசையும் இருக்கிறது.

எங்கள் வீடு சின்னாளப்பட்டியில், தறிகள் நிறைந்த ஒரு தெருவில் இருக்கிறது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அப்பா திருப்பூரில் வேலையில் இருந்ததால் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்கினேன். முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்துப் பயனின்றிக் கிழித்துப்போட்டேன். கடைசியில் பழைய பருத்திச் சேலைகளை எட்டு மடிப்பாகத் தைத்து, சுவரை விட்டு நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டேன். எதிரொலி செத்தது.

காலையில் எழுந்ததும் வெந்நீர் மட்டும் குடிப்பேன்; பால் சேர்ந்த எதுவும் தொண்டையில் கோழை கட்டும். உறுமல் பதிவில் விழாதிருக்க ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வைப்பேன். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடினால்தான் அதை மறுபடி ஓடவிட வேண்டும் என்பது நினைவுக்கு வரும். தறிகள் தொடங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம், மதிய உணவுக்குத் தறிகள் நிற்கும்போது ஒன்றரை மணி நேரம். இவ்வளவுதான் எங்கள் தெரு எனக்குக் கொடுத்த அமைதி.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்து அறையின் வெறும் ஒலியைப் பதிவேன். பின்னால் வெட்டப்படும் இடங்களை நிரப்ப அது உதவும். வாசிப்பில் பிழை நேர்ந்தால் நிறுத்த மாட்டேன். ஒரு முறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிப்பேன். திரையில் ஓடும் அலைக்கோட்டில் அந்தக் கைதட்டல் ஒரு முள்போல நிமிர்ந்து நிற்கும். தொகுக்கும்போது முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. முள்ளிலிருந்து முள்ளுக்குத் தாவி, அதற்கு முன்னால் இருக்கும் பிழையை வெட்டிக்கொண்டே போகலாம். தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்ட அன்றே மூலப் பதிவை அழித்துவிடுவேன். பழைய கோப்புகளைச் சேர்த்து வைப்பவர்களைச் சோம்பேறிகள் என்று கேலி செய்வேன்.

அந்த ஆண்டு எனக்குக் கிடைத்தது ஒரு கொலைக் கதை. பல பகுதிகளாக வெளிவரும் ஒலித்தொடர். நான்காம் பகுதியில், அரிவாளோடு நுழையும் கணவனைக் கண்டு ஒருத்தி அலற வேண்டும். மூன்றாம் முறை அலறியபோது எங்கள் வாசல் கதவு இடிபட்டது. திறந்தால் எதிர்வீட்டு அத்தை உலக்கையோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.

"எவன்டா அவன்? வெளிய வாடா!"

"அத்தை, யாருமில்ல. இது ரெக்கார்டிங்."

"ரெக்கார்டிங்கா? அடிப்பாவி மகளே, அடுப்புல வெஞ்சனத்த விட்டுட்டு ஓடியாந்தேன்டி. அம்புட்டும் தீஞ்சுபோயிருக்கும்!"

தெரு சிரித்தது. பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு தறிக்கூடத்தில் நெய்பவர். என்னை எப்போதும் "பாப்பா" என்றே அழைப்பார். கோயில் திருவிழாவில் பெண்ணின் உயர்வுக்குத் துணை நிற்பது கல்வியா, பொருளா என்று நான் பேசியபோது இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர். அவர்தான் அன்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஏப்பா, இனிமே இந்தப் பக்கம் சத்தம் கேட்டா யாரும் பயப்படாதீங்க. நம்ம பாப்பா எவளையாச்சும் கொன்னுக்கிட்டு இருக்கும்!"

நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து, மதிய நேரத்துப் பதிவு ஒன்றைத் தொகுக்க உட்கார்ந்தேன். அன்று நான்கு முறை பிழைவிட்டு நான்கு முறை கைதட்டியிருந்தேன். திரையில் ஏழு முட்கள் நின்றன. ஐந்தாவது முள்ளுக்கு முன்னால் போய்க் கேட்டேன். என் வாசிப்பில் பிழை இல்லை. ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டேன். என் வாக்கியத்துக்குப் பின்னால், சேலை மடிப்புகளையும் சுவரையும் தாண்டி, கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதைத் தொடர்ந்து பாதியில் அறுந்த "அம்மா". ஆறாவதிலும் ஏழாவதிலும் அதேதான். உள்ளங்கை உள்ளங்கையில் விழும் ஓசைக்கும் கன்னத்தில் விழும் ஓசைக்கும் திரையில் வேறுபாடு தெரியவில்லை.

அந்த அண்ணனின் மனைவியான பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பழனியை அடுத்த ஆயக்குடிப் பக்கம் ஊர். வீட்டில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவாள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள் என்றாலும் என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவாள். அடி வாங்கியது அவள்தான் என்பதில் எனக்கு ஒரு நொடிகூட ஐயம் எழவில்லை. அப்போது நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று முட்களையும் வெட்டி எடுத்தேன். அந்த இடங்களில் அறையின் வெறும் ஒலியை ஒட்டினேன். மிகச் சுத்தமான ஒட்டு. கோப்பை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள், மூலத்தை அழித்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியும்டி" என்றாள். "அடுத்த வீட்டுச் சோலி. நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன். அறைக் கதவின் உட்புறம் ஒரு தாளில் இடையூறு வரும் நேரங்களைக் குறித்து வைத்திருந்தேன்: தண்ணீர் லாரி, பள்ளிக்கூட மணி, ஒலிபெருக்கி கட்டும் செவ்வாய், வெள்ளி. அவற்றுக்குக் கீழே என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'ஒன்று முதல் ஒன்றரை – பக்கத்து வீடு.' அண்ணன் தறிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும் நேரம் அது. என் பதிவை ஒன்றரைக்குத் தள்ளிவைத்தேன். ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படியே ஓடியது. இடையில் தயாரிப்பாளர், அலறல் இன்னும் இயல்பாக இருக்கலாம் என்று குறிப்பு அனுப்பினார். நான் பதினொரு முறை அலறிப் பதிந்தேன். அதே வாரம் காலைப் பதிவொன்றில், சுவருக்கு அப்பாலிருந்து வந்த இயல்பான அலறலை இரண்டு இடத்தில் வெட்டி எறிந்திருந்தேன்.

ஒரு நாள் அவர் ஒன்றரைக்குப் பின்னும் நிறுத்தவில்லை. என் பதிவு கெட்டது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: முதலில் எனக்கு வந்தது எரிச்சல். எரிச்சலோடுதான் ஹெட்போனைக் கழற்றினேன். வாசலுக்கு வருவதற்குள் அதை அறச்சீற்றமாக மாற்றிக்கொண்டேன். அந்த வித்தை எனக்குக் கைவந்தது. அவர் வாசலுக்கு எதிரே, தெரு நடுவில் நின்று பேசினேன். இங்கேதான் என் பெரிய தவறு நடந்தது. கதவைத் தட்டியிருக்கலாம், உள்ளே போய் அவளை அழைத்து வந்திருக்கலாம், காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்னுரை, வாதம், உச்சம் என்று படிப்படியாகக் கட்டி, "கைப்பிடித்து வந்தவளைக் கைநீட்டி அடிப்பது ஆண்மையென்றால், அந்த ஆண்மையை இந்தத் தெருவே காறி உமிழட்டும்" என்று முடித்தேன். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

எதிர்வீட்டு அத்தை மட்டும் தட்டவில்லை. "ஏத்தா, அது அவ சத்தமா? நாங்க ஒன்னோட ரெக்கார்டிங்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். கோபப்படவில்லை. வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, "நல்லாப் பேசுன பாப்பா. ஆனா மேடை வேணும்னா பஸ் ஸ்டாண்டுல போட்டுக்க, என் வாசல்ல போடாத" என்றார். அவருக்குப் பின்னால் நிலைப்படியில் அக்கா நின்றாள். உதடு கிழிந்திருந்தது. அவள் கண் என்னைக் கெஞ்சியது. அது நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சுவர் அமைதியாகிவிட்டது. நான்கு நாள், ஐந்து நாள், ஒரு வாரம். நான் தட்டிய கைகளைத் தவிர அலைக்கோட்டில் ஒரு முள்கூட இல்லை. கதவிலிருந்த தாளில் அந்த வரியை அடித்தேன். ஒரு மணிக்கே மறுபடி பதிவைத் தொடங்கினேன். ஒரு பேச்சு ஒரு குடும்பத்தைத் திருத்தியது என்று தோழி ஒருத்திக்கு எழுதவும் செய்தேன்.

எட்டாம் நாள் காலை குழாயடியில் அவளைப் பார்த்தேன். இடக்கையால் மட்டும் குடத்தைத் தூக்க முயன்றுகொண்டிருந்தாள். வலக்கையின் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, கோணித் திரும்பியிருந்தன.

"இப்ப அடிக்கிறதில்லயேக்கா? சத்தமே இல்லயே" என்றேன்.

அவள் சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சத்தம் வந்தா நீங்க தெருவுல வந்து பேசறீங்கன்னு, வாயில துணியத் திணிச்சுட்டு அடிக்கறாருங்க. இந்த வெரலு, கதவு இடுக்குல வெச்சு அமுக்குனதுங்க."

குடம் நிரம்பி வழிந்தது. இருவரும் குழாயை மூடவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? முன்னாடியெல்லாம் எங்கூட்டுச் சத்தம் உங்க மெசினுல விழுந்திருக்குமுங்களா? எங்க மாமனாரு வீட்டுல, அவ தானா விழுந்துட்டு பொய் சொல்றான்னுதான் சொல்றாங்க. ஸ்டேசனுக்குப் போனாலும் அப்படித்தான சொல்லுவாங்க. அது இருந்தா..."

"விழுந்துச்சுக்கா. அழிச்சுட்டேன்."

"அத்தனையுமுங்களா?"

"அத்தனையும்."

அவள் திட்டவில்லை. "செரிங்க" என்று சொல்லி இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டாள். பத்தடி போனவள் திரும்பி வந்து, "நேத்துக் கழுத்துல கை வெச்சாருங்க" என்றாள். பிறகு போய்விட்டாள்.

அன்று ஒரு மணிக்கு முன்பே அறைக்குள் போனேன். பொதுச் சுவர்ப் பக்கம் தொங்கிய சேலை மடிப்புகளை இழுத்து அறுத்துப் போட்டேன். மைக்கைச் சுவரை நோக்கித் திருப்பி, ஒலி அளவை முடிந்தவரை ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அறையின் வெறும் ஒலி என்று நான் நம்பியிருந்தது எதுவும் வெறுமையாக இல்லை. அந்த வீட்டில் தட்டு வைக்கும் ஓசை கேட்டது. நாற்காலி இழுபட்டது. அவர் குரல்: "கொழம்பா இது? ஏண்டி, கொழம்பா?" பிறகு சுவரில் ஏதோ மோதியது. அது அவள் தலை. மைக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில், சுவரின் மறுபக்கம், அவள் தலை மறுபடி மோதியது. அடைத்த வாய்க்குள்ளிருந்து ஒரு முனகல். மரக்கட்டை சதையில் விழும் ஓசை. பிறகு ஈரக்குச்சி ஒடிவதுபோல ஒன்று, அதுதான் எலும்பு.

நான் திரையைப் பார்த்தேன். முட்கள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. பதிவு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் குரல் அடையாளம் தெரியும்படி விழட்டும் என்று காத்திருந்தேன்.

பிறகுதான் ஓடினேன். கையில் இருந்தது மைக் தாங்கி. கனத்த இரும்பு அடிவட்டம் கொண்டது. மைக்கை அதிலிருந்து எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை. அவர் வீட்டு முன்கதவு தாழிட்டிருந்தது. எங்கள் கொல்லைக்கு ஓடி, இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவரைத் தாண்டி, துவைகல்லில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அவர் அவள் முடியைப் பிடித்து மண்டியிட வைத்திருந்தார். அவள் வாயில் அவருடைய துண்டு. வலது முன்கை நடுவில் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கித் தொங்கியது. "பாப்பா, வெளிய போ" என்றார், சாதாரணக் குரலில், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

முதல் அடியை அவர் தோளில் போட்டேன். அவர் திரும்பி என் பின்னலைப் பிடித்து முகத்தை நிலைக்கட்டையில் மோதினார். ஒரு பல் உடைந்து நாக்கில் விழுந்தது. மறுபடி மோதினார். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பரவியது. அப்போது அவர் கால் தடுமாறியது. அக்கா இடக்கையால் அவர் கணுக்காலை வளைத்துப் பிடித்திருந்தாள். அவர் விழுந்தார். நான் தாங்கியை இரண்டு கையாலும் ஓங்கி அவர் மணிக்கட்டில் இறக்கினேன். ஒடிந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர் விழுந்தபின் மூன்று முறை அடித்தேன். மூன்றாவது அடி தேவையில்லை என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் அடித்தேன், அதில் மகிழ்ச்சியும் இருந்தது.

அவள் வாயிலிருந்து துண்டைத் தானே இழுத்தெறிந்து அலறினாள். பதினொரு முறை முயன்றும் எனக்கு வராத அலறல் அது. தெரு கதவை உடைத்துக்கொண்டு வந்தது. என் அம்மா என் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்து, "போதும்டி, செத்துருவான், போதும்" என்று அழுதாள்.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட பிறகு, அவரை அங்கேயே ஆண்கள் வார்டில் விட்டுவிட்டு, திண்டுக்கல் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். ஆயக்குடியிலிருந்து அவள் தம்பி, கொய்யாப் பெட்டி ஏற்றும் சிறுவண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். ஆய்வாளர் அம்மா என்ன நடந்தது என்று கேட்டதும் நான் எழுந்தேன். வீங்கிய உதட்டோடு, "மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களே, இந்தச் சமூகத்தில்..." என்று தொடங்கிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, இங்க யாரும் ஒனக்குப் பரிசு குடுக்கப் போறதில்ல. செத்த நேரம் உக்காரு. அடி வாங்குன பிள்ள பேசட்டும்."

உட்கார்ந்தேன். அக்கா பேசினாள். முன்னுரையும் இல்லை, உச்சமும் இல்லை. எந்த நாள், எந்தக் கை, எதனால் அடித்தார், அன்று என்ன சமைத்திருந்தாள். இடையில் ஒரு முறை தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான். அந்த அறையில் மின்விசிறியைத் தவிர எதுவும் அசையவில்லை. நான் கேட்ட பேச்சுகளில் அதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு லேப்டாப்பைத் திறந்து பதிவை ஒலிக்கவிட்டேன். தட்டு, நாற்காலி, குழம்பு, சுவர், கட்டை, எலும்பு. அதன்பின் என் நாற்காலி பின்னால் சாயும் ஓசை. ஆய்வாளர் திரையில் நேரத்தைப் பார்த்தார். தலை முதலில் சுவரில் மோதியதற்கும் என் நாற்காலி சாய்ந்ததற்கும் இடையே நாற்பத்தொரு நொடி.

அக்காவும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அம்புட்டு நேரமும் நீங்க அந்தப் பக்கம் கேட்டுட்டா இருந்தீங்க?"

'அம்புட்டு' என்ற எங்கள் ஊர்ச் சொல் அவள் வாயில் வந்ததை அப்போதுதான் கவனித்தேன். "தெளிவா விழட்டும்னு பாத்தேன்க்கா" என்றேன்.

பெண் காவலர் எழுதிய புகாரை அவளிடம் நீட்டி, "படிக்கத் தெரியும்ல? படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுத்தா" என்றார். அவள் இடக்கை விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு உடனே ஓடிவந்துன்னு எழுதியிருக்கீங்க. அந்த 'உடனே' வேண்டாமுங்க. ஓடிவந்தாங்கன்னு மட்டும் போட்டுக்கங்க."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். காவலர் அந்தச் சொல்லை அடித்து, பக்கத்தில் சிறு கையொப்பம் போட்டார். அக்கா இடக்கையால், ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். நெடுநேரம் ஆயிற்று. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

வாசலில் தம்பி வண்டியின் பின்கதவை இறக்கினான். காலிப் பெட்டிகளை ஒதுக்கி அவளை உட்கார வைத்தான். கட்டுப் போட்ட கையை மடியில் ஏந்திக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். ஊருக்குக் கிளம்பும் யாரும் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்.

"போறேனுங்க" என்றாள்.